ஒருத்தரும் எழுந்திருக்கல

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைக்குப் புது மேலாளராக வந்த பூவராகவனுக்கு முதல் நாளே ஒரு விஷயம் பிடிக்காமல் போயிற்று. அவர் கேன்டீனுக்குள் நுழைந்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள்.

"இது என்ன பழக்கம்? என்னைப் பார்த்து யாரும் பயப்படக் கூடாது. இனிமே ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க" என்றார், எச்.ஆர். அதிகாரி சந்திரமோகனிடம்.

"சொல்லிடறேன் சார்."

அடுத்த வாரம் அவர் உள்ளே வந்தபோது ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. பூவராகவன் பூரித்துப்போனார். ஊழியர்களோடு பெஞ்சிலேயே உட்கார்ந்து, பழைய கதையெல்லாம் பேசியபடி சாவகாசமாகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தவர்களும் இடத்தை விட்டு நகராமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தீங்களா சந்திரமோகன், பயம் போயிடுச்சு. எழுந்து போகவே மனசில்லாம உக்காந்திருக்காங்க. எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லுங்க."

எதிரே இருந்த பேக்கிங் பிரிவு சாராள் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்.

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்க கொஞ்சம் வெளிய போறீங்களா?"

"ஏம்மா?"

"கை காஞ்சி போச்சி சார். பெல்லு வேற அடிச்சிட்டாங்க. நீங்க உள்ள இருக்கச்சொல்லோ யாரனா எழுந்தா மெமோ குடுப்பேன்னு சந்திரமோகன் சாரு சொல்லிக்கீறாரு."