கேட்கும் பரீட்சை

“முதல்ல நீங்க சொல்லுங்க.”

“இல்லைங்க, நீங்கதான் சொல்லணும்,” என்றாள் ரேடியோ அக்கா.

எதிர் நாற்காலியில் இருந்தவர் லேசாகத் தலையாட்டினார். அவளே ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தார்.

அறையில் இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை, தண்ணீர், கண் துடைக்கக் காகிதப் பெட்டி. சுவரில் ஓர் இருண்ட கண்ணாடி. அதற்குப் பின்னால் இருந்து பேராசிரியை பார்த்துக்கொண்டிருப்பார். நாடகக் குழுவிலிருந்து வரும் ஒருவர் மனக்கஷ்டத்தில் இருப்பவராக நடிப்பார். மணி அடிக்கும்வரை அவரைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும். அறிவுரை கூடாது, சொந்தக் கதை கூடாது. அவ்வளவுதான் பரீட்சை.

அந்த அவ்வளவுதானில் ரேடியோ அக்கா இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். முதல் தடவை, வேலை போனவனாக நடித்த இளைஞனுக்குத் தன் மைத்துனர் கம்பெனியில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டாள். அடுத்த தடவை, மாமியாரோடு சண்டை என்று அழுத பெண்ணிடம், “இதெல்லாம் ஒரு சண்டையா, என் கதையைக் கேளு” என்று ஆரம்பித்தவள், மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை.

படிக்கட்டு மாதிரியான மனநல ஆலோசனைப் படிப்பு அது. ஆறு மாதச் சான்றிதழ் முதல் படி. அதை முடித்ததும் மனநல வார்டில் உதவியாளர் வேலை கிடைத்தது. சான்றிதழும் வேலை அனுபவமும் டிப்ளமோவில் கணக்கில் சேர்ந்தன. டிப்ளமோ முடித்தால் அது அப்படியே பட்டப்படிப்பில் சேரும். ஒவ்வொரு படியிலும் நின்று சம்பாதித்துக்கொண்டே மேலே ஏறலாம். இரண்டாம் படியின் கடைசிப் பரீட்சையில்தான் அவளுக்குக் கால் வழுக்கியது. இந்தத் தடவையும் போனால் டிப்ளமோவை முதலிலிருந்து படிக்க வேண்டும். வார்டில் அவளுக்கென்று பேசி வைத்திருக்கும் ஆலோசகர் வேலையும் வேறு யாருக்காவது போய்விடும்.

“இந்தத் தடவை ஒரு விடாக்கண்டனை இறக்கியிருக்காங்களாம்க்கா. எது கேட்டாலும் நம்மகிட்டயே திருப்பி விடுவாராம்,” என்று வகுப்புப் பிள்ளைகள் காலையிலேயே பயமுறுத்தியிருந்தார்கள். வாய் ஓயாத அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததும் அதே பிள்ளைகள்தான்.

எதிரே இருந்த ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் வியர்வை. நன்றாகவே நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

“இங்க வர்றதுக்கே உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும்,” என்றாள், பாடத்தில் இருந்தபடி.

“உங்களுக்கு எப்படி இருந்தது?”

விடாக்கண்டனேதான்.

“வீட்டுல யார் யார் இருக்கீங்க?”

“உங்க வீட்டு நினைவு வந்து கேக்கறீங்க போல.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அமைதியைக் கண்டு பயப்படாதீர்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பயப்படாமல் உட்கார்ந்திருந்தாள். அவரும் பயப்படாமல் உட்கார்ந்திருந்தார். கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

“எங்க வீடும் இப்படித்தாங்க,” என்று அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. “சத்தமே இல்ல.”

சட்டென்று நாக்கைக் கடித்தாள். ஆனால் அவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்த விதம் அவளை விடவில்லை.

“சத்தமே இல்ல,” என்றார் மெதுவாக.

“எங்க வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் ஆச்சு. போன வாரம் குளியலறைக் கதவைத் தட்டி, டவல் எடுத்துக்கிட்டீங்களான்னு கேக்கறேன். உள்ள யாரு இருக்கா?”

“பதில் வரும்னு தோணுச்சா?”

“இருந்தப்பவே வராதுங்க. தண்ணி சத்தத்துல கேக்கலேம்பார். அப்புறம் சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டு டவலுக்குக் கத்துவார்.”

சிரித்தாள். சிரிப்பு பாதி வழியில் அழுகையாகிவிட்டது. பெட்டியிலிருந்து இரண்டு காகிதங்களை உருவிக்கொண்டாள்.

“எல்லாரும் தைரியமா இருன்னாங்க. இருந்தேன். வார்டுக்குப் போனேன், வகுப்புக்கு வந்தேன், ஊர்க் கதையெல்லாம் பேசினேன். அவரைப் பத்தி மட்டும் யாருகிட்டயும் பேசல. ஆரம்பிச்சா நிறுத்த முடியாதோன்னு பயம்.”

“நிறுத்தணும்னு இல்லையே.”

அவள் நிறுத்தவில்லை. கணவர் சாயம் போகும் துணியோடு தன் வெள்ளைச் சட்டைகளை ஊறவைத்து, நீலமானதை எல்லாம் இப்போது இதுதான் மோஸ்தர் என்று போட்டுக்கொண்டு திரிந்ததைச் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, உன் பாடத்தைப் படிச்சுக் காட்டு என்று கேட்டுவிட்டு, இரண்டாம் பக்கத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனதைச் சொன்னாள். எதிரே இருந்தவர் இடை மறிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. அவள் தயங்கிய இடத்தில் மட்டும் “அப்புறம்?” என்றார்.

மணி அடித்தது. தான் எங்கே, எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவைத் திறந்துகொண்டு பேராசிரியை வந்தார்.

“மேடம், நீங்க சொல்லவே வேணாம்,” என்று எழுந்தாள். “மூணாவது தடவையும் போச்சு. இவர் மேல தப்பில்ல, பாவம். இவரை வாயைத் திறக்கவே நான் விடல.”

பேராசிரியை அவளைத் தாண்டிப் போய் அந்த மனிதரின் கையைக் குலுக்கினார். “நீங்க பாஸ். இந்த வருஷம் இவ்வளவு நல்லா யாரும் கேக்கல.”

“அப்பாடா,” என்று அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “உங்க நாடகக்காரம்மா பிரமாதம் மேடம். நிஜம்னே நம்பிட்டேன்.”

ரேடியோ அக்காவுக்கு முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை.

“நீங்க நுழைஞ்சது மாலை வகுப்புக்காரங்களோட பரீட்சை ரூம்,” என்று பேராசிரியை அவள் தோளில் கை வைத்தார். “இவருக்காக நடிக்க வேண்டிய அம்மா இன்னும் பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்காங்க. பாதியில நிறுத்த எனக்கு மனசு வரல. உங்க பரீட்சை பக்கத்து ரூம்ல, உங்க ஆள் அங்க காத்துக்கிட்டிருக்கார். பேச வேண்டியதெல்லாம் பேசி முடிச்சாச்சில்ல, இப்பப் போய்க் கேளுங்க.”