மூணாம் நம்பர் ரீடு

"ஹெர்பர்ட் என் ரீடை நோண்டுதான்" என்றார் லூர்து.

மில்ட்ரெட் டீயை ஆற்றிக்கொண்டே கணவரைப் பார்த்தாள். "கண்ணால பாத்தீங்களா?"

"ரீடு டப்பாக்குள்ள வெள்ளைத் தூளு கிடக்கு. எலியா வந்து சுரண்டும்? சர்ச் ஹால் அலமாரிக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அவன்கிட்ட."

"இப்பல்லாம் நல்லாத்தானே வாசிக்கீங்க?"

"அது என் மூச்சு. கெட்டுப்போன ரீட்லயும் நான் வாசிப்பேன். நியூ இயர் டான்ஸுக்கு எங்க பாண்டுல முதல் சாக்ஸ் யாருன்னு இன்னைக்கு முடிவு. நான் கவுந்தா அவன்தான். வேற என்ன காரணம் வேணும்?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டீ அப்படியே இருந்தது.

விஷயம் இதுதான். அவருடைய சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதுகிற பழைய ரப்பர் மவுத்பீஸ் தீபாவளி சமயத்தில் கீழே விழுந்து உடைந்தது. குவைத்திலிருந்த மச்சான் பளபளவென்று உலோகத்தில் ஒன்று வாங்கி அனுப்பினான். பூனா கேம்ப் தமிழர்களில் பாதிப் பேர் அதை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஊதினால்தான் தொல்லை. வெறும் காற்று வரும். இல்லையென்றால் கிறீச்.

நாகஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி சாக்ஸபோனுக்கு ரீடு. மவுத்பீஸில் வைத்துக் கட்டும் சின்ன நாணல் பட்டை. நம்பர் ஏற ஏற விறைப்பு அதிகம்.

"புது மவுத்பீஸுக்கு வாய் அகலம் ஜாஸ்தி வே" என்றார் பாண்டு மாஸ்டர் தேவநேசன். ராணுவ பாண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். "விறைச்ச ரீடு அதுல துடிக்காது. ரெண்டாம் நம்பர் போடும்."

"ரெண்டு ஸ்கூல் பிள்ளைகளுக்கு. நான் வாசிக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து மூணு."

"மூணுல சத்தம் வரலையே வே."

"வரும். மவுத்பீஸ்தான் என் வாய்க்குப் பழகணும்."

அவரால் இறங்கவும் முடியாது. ஹெர்பர்ட் இரண்டரை நம்பர் போடுகிறவன். அதற்காக அவனுக்கு 'பால்புட்டி' என்று பெயர் வைத்தவரே அவர்தான்.

ஆச்சரியம், அடுத்த வாரமே சத்தம் வந்துவிட்டது. சுத்தமாக, உருண்டு திரண்டு.

"பாத்தியாலே பால்புட்டி? மூணுல ஊத நெஞ்சுல பலம் வேணும்."

ஹெர்பர்ட் தலையை ஆட்டினான்.

இப்போது இந்த வெள்ளைத் தூள்.

சைக்கிளை வெளியே சாத்திவிட்டு, சத்தமில்லாமல் சர்ச் ஹாலுக்குள் நுழைந்தார். நினைத்தது சரி. ஹெர்பர்ட் தனியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். போசரி ஃபாக்டரி உடுப்பைக்கூட மாற்றவில்லை. மடியில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் உப்புத்தாள். லூர்துவின் ரீடை அதில் வைத்து, மெள்ளத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

காலரைப் பிடித்துவிட்டார்.

"களவாணிப் பயலே. என்னலே செய்யுத?"

"அண்ணாச்சி, அது வந்து..."

"வாயைத் திறக்காதே."

தேவநேசன் உள்ளே வந்தார். பின்னால் மற்ற பாண்டுக்காரர்கள்.

"பாரும் மாஸ்டர். என் ரீடைத் தேய்ச்சுக் கெடுக்கான். என் நாற்காலி வேணுமாம் இவனுக்கு. ஒண்ணு இவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீரே சொல்லும்."

"தேய்ச்சியாலே?"

"தேய்ச்சேன் மாஸ்டர்."

"எதுக்கு?"

ஹெர்பர்ட் லூர்துவின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அப்ப சாவியை வச்சுட்டுக் கிளம்பு" என்றார் தேவநேசன்.

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, தன் சாக்ஸைப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தான்.

லூர்துவுக்கு அதுவும் போதவில்லை.

"எப்பேர்ப்பட்ட ரீடைக் கெடுத்திருக்கான்னு எல்லாரும் கேக்கணும்."

பிரிக்காத பாக்கெட்டைக் கிழித்தார். புத்தம் புது மூணாம் நம்பர். வாயில் நனைத்தார். மவுத்பீஸில் கட்டினார். நெஞ்சு நிறைய மூச்சிழுத்து ஊதினார்.

காற்று.

மறுபடி ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. கிறீச்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"அவன் தேய்ச்சதைப் போடும்" என்றார் தேவநேசன்.

மாற்றினார். ஊதினார். ஹால் நிறைந்தது. போன வாரம் எல்லோரும் கேட்ட அதே சத்தம்.

பாதியில் நிறுத்திவிட்டார்.

தேவநேசன் மேசையிலிருந்த சாவியை எடுத்து ஹெர்பர்ட்டின் சட்டைப் பையில் போட்டார். "உம்ம நாற்காலி வேணும்னா இவன் சும்மா இருந்தாலே போதும் வே."

லூர்து ரீடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனி இளைத்திருந்தது. அடியில் குத்தியிருந்த நம்பர் அப்படியே இருந்தது.

மிச்ச பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஹெர்பர்ட்டிடம் போனார். முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"இதையும் தேய்ச்சுக் குடு, தம்பி" என்றார். பிறகு குரலை இறக்கி, "அந்த மூணு மட்டும் அழியாம பாத்துக்க."