பதினான்காம் சுற்றுக்குக் காரணமானவள்

"கை இருந்துச்சு. மூச்சு இருந்துச்சு. கால் மட்டும் போச்சு. ஏன் போச்சு?"

லூஷியஸ் டார்வர் மைக்கை முகவாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார். தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் வருடாந்தர விருந்துக்கு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் பதில் தெரியும். கோழியைக் கடித்த வாயோடு எல்லோரும் அவருடைய மனைவியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெர்னெல் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். இந்த இடத்தில் மூட வேண்டும். நாற்பது வருடப் பழக்கம்.

இந்த வருடம் அதோடு முடியாது. அவர் பேசி முடித்ததும் அவள் ஒரு சம்மதம் சொல்ல வேண்டும். குத்துச்சண்டைக் கூடத்தின் வெளிச்சுவர் முழுக்கப் படம் வரையப் போகிறார்கள். நடுவில் லூஷியஸ். ஓரத்தில் அவள்.

"மூணு மாடி உயரம், சிஸ்டர்! இனிமே நீங்க எங்கயும் ஒளிய முடியாது!" என்று முடிதிருத்தும் கடை பூன் சற்று முன்புதான் அறிவித்திருந்தான்.

அந்தச் சுவர் அவளுடைய சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது.

உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காக லூஷியஸ் மோதியது ஒரே ஒரு முறை. தோற்றதும் அந்த முறைதான். ஆனாலும் வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் அவரை எல்லோரும் சாம்பியன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஜெயித்த ராய்ஸ் கெல்லம் செத்து, அவர் ஊரே அவரை மறந்துவிட்டது. தோற்றவர் வருடம் தவறாமல் விருந்து சாப்பிடுகிறார். கெல்லமிடம் பட்டம் இருந்தது. இவரிடம் கதை இருந்தது.

கதை இதுதான். பெரிய பந்தயத்துக்கு ஆறு வாரம் முன்பிருந்தே குத்துச்சண்டைக்காரன் பெண் வாடை படாமல் இருக்க வேண்டும். பட்டால் கால் வலு இறங்கிவிடும். பயிற்சியாளர் மோஸ் கேடிக்கு இது வேதவாக்கு. மலைமேல் இருந்த முகாமில் சமையலுக்குக்கூட அவர் ஆம்பளையைத்தான் வைத்திருந்தார். அப்படியும், பந்தயத்துக்குச் சில நாள் முன்னால், பனி கொட்டிய ஒரு ராத்திரியில், லூஷியஸின் அறை ஜன்னலைத் தட்டியது ஒரு கை. வெளியே பெண்டாட்டி. இடுப்பில் ஒரு செருப்புப் பெட்டி, அது நிறைய வறுத்த கோழி.

முதல் சில வருடங்கள் கதையில் கோழி இல்லை. அது பிற்பாடு வந்து சேர்ந்தது.

"பொண்டாட்டி பனியில நடுங்கிட்டு நிக்கிறா. திறக்காம இருக்க நான் என்ன பாதிரியாரா?" என்றார் லூஷியஸ்.

முன்வரிசையில் இருந்த பாதிரியார்தான் முதலில் சிரித்தார்.

பதின்மூன்று சுற்று வரை லூஷியஸ் கைதான் ஓங்கியிருந்தது. பதினான்காவதில் முழங்கால் மடங்கியது. அதற்குச் சற்று முன் கெல்லமின் இடது கை அவர் விலாவில் இறங்கியதைப் பழைய படச்சுருளில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரும் பார்ப்பதில்லை. இன்னொரு ஆம்பளை அடித்து விழுந்தேன் என்று சொல்வதைவிட, பெண்டாட்டி ஆசைப்பட்டு விழுந்தேன் என்று சொல்வதில் ஒரு மிடுக்கு இருக்கிறது.

வெர்னெல் இந்தக் கதையை முதலில் கேட்டது பந்தயத்துக்கு மறுநாள். தோற்ற ஆத்திரத்தில் மோஸ் கேடி, முகாம் ஜன்னலடியில் பனியில் பெண் காலடித் தடத்தைப் பார்த்தேன் என்று நிருபர்கள் நடுவே கத்தினார். லூஷியஸ் வீங்கிய கையைத் தூக்கி அவள் தோளில் போட்டார். கதையைச் சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது. இளம் மனைவிக்கு வெட்கம் என்று பத்திரிகைகள் எழுதின.

அதன் பிறகு, பந்தயம் கட்டித் தோற்றவர்கள் அவள் வாசலில் குப்பையைக் கொட்டினார்கள். கறிக்கடையில் அவளைக் கடைசியாகக் கவனித்தார்கள். பட்டத்தைத் தின்றவள் என்று தேவாலயத்துப் பெண்கள் பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் முணுமுணுத்தார்கள். போகப்போக வசையே வேடிக்கையாகிவிட்டது. வேடிக்கையானபின் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று.

கண்ணை மூடினால் அந்த ஜன்னல் அவளுக்குத் தெரியும். கண்ணாடியில் படிந்த பனி, உள்ளே எரிந்த மஞ்சள் விளக்கு, தாழ் விலகும் ஓசை. லூஷியஸ் அதை வருடத்துக்கு ஒரு முறைதான் நினைத்தார்.

லூஷியஸ் பேசி முடித்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சுவரில் வரையப்போகிற பெண், கையில் பென்சிலோடு வெர்னெலின் நாற்காலியருகே வந்து குனிந்தாள்.

"மிஸ் வெர்னெல், அந்த வயசுல எடுத்த போட்டோ ஒண்ணு தருவீங்களா? முகம் அச்சா அப்படியே வரணும்."

பூன் மைக்கை வாங்கி வந்து வெர்னெலிடம் நீட்டினான். "சம்மதம்னு உங்க வாயால சொல்லிடுங்க சிஸ்டர்! நாளைக்கே சாரம் கட்டிடறோம்!"

லூஷியஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வழக்கம்போல் அவள் தோளில் கையைப் போட்டார். கை கனத்தது. இனிப் பாத்திரம் கழுவும்போதெல்லாம், காபி போடும்போதெல்லாம், எதிர்ச்சுவரில் அவள் மூன்று மாடி உயரத்துக்குப் பனியில் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

வெர்னெல் கைக்குட்டையை மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எம் போட்டோ எதுக்கு, கண்ணு? அந்த ஆறு வாரமும் நான் ஜார்ஜியாவுல எங்கம்மா வீட்டுல இருந்தேன். நீ பக்கத்துல இருந்தா கால் போயிடும்னு சொல்லி, இவர்தான் பஸ் ஏத்தி விட்டாரு."

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டார்.

தோளில் இருந்த கை மெல்ல இறங்கியது. வெர்னெல் மைக்கைக் கணவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"வந்தவ முகம் எப்படின்னு இவர்கிட்ட கேளு. நான் பாத்ததில்ல."