மஞ்சள் பூசிய எல்லைக்கல்

சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பிய புழுதி அரியலூர் மெயின் ரோட்டில் இன்னும் அடங்கவில்லை. மாட்டுவண்டித் தடமாக இருந்து தார் ரோடானபோதும், பிறகு அகலமானபோதும், இந்த ரோடு கலையரசனின் வாசலைத்தான் தின்றிருக்கிறது. இப்போது நாலுவழிச் சாலைக்கு அளந்தவர்கள், நேற்று எதிர்வீட்டுச் சிந்தாமணியின் படியோரம் எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். இன்று காலை அந்தக் கல் தார் விளிம்பில் நிற்கிறது. மேலே மஞ்சள், குங்குமம், அரளி மாலை. அடியில் ஈரம் காயாத மண்.

“என்னக்கா, கல்லு தானா நடந்து வந்துடுச்சா?” என்கிறார் பஞ்சர் கடை வாசலிலிருந்து கலையரசன்.

“சாமி கனவுல வந்து இடம் கேட்டுச்சு தம்பி.” கற்பூரம் ஏற்றும் சிந்தாமணியின் நகக்கண்ணெல்லாம் மண்.

அந்தப் பக்கம் தப்பித்தால் ரோடு தன் கடைமேல்தான் ஏறும். பிடுங்கி எறிய விறுவிறுவென்று ரோட்டைக் கடக்கிறார். கல்லின் முன்னால் அவர் கால்கள் தாமாகவே செருப்பைக் கழற்றுகின்றன.