எஞ்சினுக்கு வைத்த தண்ணீர்

ஒரு சின்ன ஸ்டேஷனில், நீராவி எஞ்சின் தண்ணீர் பிடிக்கவென்று கட்டிய தொட்டி ஒன்று இருந்தது. அதை நம்பிப் பத்து ரயில்வே குடும்பங்கள் அங்கே குடியேறின. தொட்டியடியில் இருந்த குழாயில்தான் அவர்கள் குடம் நிரப்பினார்கள்.

டீசல் எஞ்சின் வந்தது. அது நிற்காமலே போனது. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிய பம்பை நிறுத்திவிட்டார்கள்.

“பாதித் தண்ணிதான் இருக்கு. பழைய எஞ்சின் திரும்பி வந்தா என்ன குடுப்பேன்? வாயை மூடு!” என்று குழாயிடம் சொன்னது தொட்டி.

“அண்ணே, ஆரோக்கியம் அக்கா கைப்பிள்ளையோட நிக்கிறாங்க,” என்றது குழாய்.

“அவங்களுக்காகவா என்னைக் கட்டினாங்க?”

குழாய் இறுகிக்கொண்டது. ஆரோக்கியம் திருகித் திருகிப் பார்த்துவிட்டு வெறுங்குடத்தோடு போனாள். குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊரைக் காலி செய்தன. கடைசியாக அவளும் வீட்டைப் பூட்டினாள்.

தொட்டி தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அந்தப் பழைய எஞ்சின் வந்தது, கூட்ஸ் வண்டியில், வெட்டிய இரும்புத் துண்டுகளாக. புகைபோக்கியை வைத்துத்தான் தொட்டிக்கு அடையாளம் தெரிந்தது. வண்டி நிற்கவில்லை.

வண்டி மறைந்ததும் தொட்டி குழாயிடம் சொன்னது.

“திறந்துவிடு தம்பி.”

குழாய் திறந்தது. தண்ணீர் பிளாட்பாரத்தைத் தாண்டி, வெயிலில் ஊர்ந்து, ஆரோக்கியத்தின் பூட்டிய வாசல்வரை போய் நின்றது.