ஜோதாமின் கழுத்து வளையம்

ஜூன் வெயிலில் செயின்ட் ஜான் ஆறு பளபளக்கிறது. அமெரிக்காவிலிருந்து விரட்டப்பட்டு இந்தக் கனடியக் கரையில் இறங்கிய எங்கள் மூதாதை ஜோதாமின் கல்லறையைச் சுற்றி நிற்கிறோம். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் அரசரின் பக்கம் நின்றதற்காகக் கலகக்காரர்கள் அவர் கழுத்தில் பூட்டிய இரும்பு வளையத்தை வருடம்தோறும் மூத்த மகன் தூக்கிக் காட்டுவது வழக்கம். துருவேறிய கீலுக்கு இந்த வருடம்தான் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அதைக் கழுத்திலேயே மாட்டிக் காட்டுவேன் என்கிறான் ஹாலிஸ் அண்ணன். வளையம் மூடவில்லை. "அமுக்குடா!" என்று என் கணவரிடம் கத்துகிறான். அவர் இரண்டு கையாலும் நெரிக்கிறார். அண்ணனின் கழுத்துத் தோல் கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் வழிகிறது, கண்கள் பிதுங்குகின்றன. நான் வளையத்தைப் பிடுங்கி எறிகிறேன்.

"நீ செத்துடுவே, அண்ணே! ஜோதாம் உன்னவிட ஆஜானுபாகுன்னு நீதானே பீத்திக்குவே? அவருக்கு மட்டும் இது எப்படி மூடுச்சு?"

"வாய மூடு வெர்னா!"

அண்ணன் ஓங்கி விட்ட அறையில் என் காது ரீங்கரிக்கிறது. அதற்குள் புல்லில் கிடந்த வளையத்தை என் மகள் எடுத்து மாட்டிப் பார்க்கிறாள். 'டக்'கென்று மூடிக்கொள்கிறது. கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே, ஜோதாம் கப்பலில் கொண்டுவந்த கறுப்பர்களின் பெயரில்லாத கல்லறைக் கற்கள். 'வேலையாட்கள்' என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம்.

"கழட்டும்மா, மூச்சு முட்டுது!"

அவள் கழுத்தை நகத்தால் பிறாண்டி அலறுகிறாள். அண்ணனின் கடிகாரச் சங்கிலியில், எந்தக் கதவுக்கும் சேராத ஜோதாமின் பழைய சாவி தொங்குகிறது. அதை அறுத்தெடுத்து வளையத்தின் பூட்டுக்குள் நுழைக்கிறேன். சுலபமாகத் திரும்புகிறது.