கறுப்புக்காதி

"என்னங்க, வழியை மறிச்சிட்டு நிக்கிறீங்க? நான் உள்ள வரவா, இல்ல இப்படியே திரும்பிப் போய் பஸ் ஏறவா?"

தங்கையின் பிரசவத்துக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்த மனைவி, வாசலில் நின்று சிரித்தாள். பண்ணைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெரிய பையை இடது கையால் வாங்கிக்கொண்டார். வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.

"அந்தச் சின்னப் பையையும் கொடு."

"இது என்கிட்டயே இருக்கட்டும். கறுப்புக்காதி எப்படி இருக்கா?"

அவர் பெரிய பையைத் திண்ணையில் வைக்கக் குனிந்தார்.

"அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா. நீ முதல்ல குளிச்சிட்டுச் சாப்பிடு. கொஞ்ச நேரம் தூங்கேன்."

"பதினோரு மணிக்கு யாராவது தூங்குவாங்களா?"

கறிக்காகத்தான் அவர்கள் முயல் வளர்க்கிறார்கள். நாற்பது கூண்டு, அத்தனையும் வெள்ளை முயல். வாரம் ஒரு நாள் வியாபாரி வண்டி கொண்டு வந்து ஏற்றிப் போவான். பண்ணை தொடங்கிய புதிதில் தாய் செத்துப்போன ஒரு குட்டியை, சொட்டுச் சொட்டாகப் பால் விட்டு மனைவிதான் பிழைக்க வைத்தாள். அதற்கு ஒரு காது மட்டும் கறுப்பு.

"இவளை மட்டும் கறிக்கு அனுப்பினீங்க, அன்னைக்கே எல்லாக் கூண்டையும் திறந்து விட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

அதனால் அவரும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கறுப்புக்காதிக்கு ஒரு பிடி புல்லைக் கொடுத்து, "என்னடி ராஜாத்தி" என்று நாலு வார்த்தை கொஞ்சுவார். மனைவி காதில் விழும்படி கொஞ்சம் சத்தமாகத்தான். போன வருடம் கால் ஒடிந்து இரண்டு மாதம் கட்டோடு படுத்திருந்தபோதுகூட, கண் விழித்ததும் "கறுப்புக்காதி சாப்பிட்டாளா?" என்றுதான் கேட்பார்.

அப்படிப்பட்டவர் போன வாரம் கோட்டை விட்டுவிட்டார். கறுப்புக்காதி கூண்டின் அடிக்கம்பி துருப்பிடித்திருந்தது. மாற்றி முடிக்கிற வரைக்கும் ஒரே ஒரு நாள் இருக்கட்டும் என்று, விற்பனைக்கு நின்ற முயல்களோடு அவளையும் விட்டார். மறுநாள் பார்த்து வியாபாரி சீக்கிரமே வந்து ஹாரன் மேல் ஹாரன் அடித்தான். பிடரியைப் பிடித்துத் தூக்கித் தூக்கிக் கூடையில் போட்டார். "ஒண்ணு நல்ல கனம்ணே" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்தான். புதுக் கம்பியை முடுக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. போன் செய்வதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது.

அந்தக் காது எப்படித்தான் கண்ணில் படாமல் போனதோ! கொஞ்ச நாளாகவே அது வெளுத்துக்கொண்டு வந்தது உண்மை. "உனக்கும் என்னை மாதிரி நரைக்குதா?" என்று அவரே கிண்டல் செய்திருந்தார்.

நேற்று தலைச்சாயம் வாங்கி வந்து, ஒரு வெள்ளை முயலை மடியில் அமுக்கிப் பிடித்துக் காதில் பூசினார். காது கறுத்தது. கூடவே அவர் விரல்களும் கறுத்துப் போயின. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை.

"நீங்க போய்க் குடிக்கத் தண்ணி கொண்டு வாங்க. நான் மட்டும் போய் அவளைப் பார்த்துட்டு வர்றேன்" என்றாள் மனைவி.

"வேண்டாம், நானும் வர்றேன்!"

"எதுக்குக் கத்துறீங்க?"

கொட்டகைக்குள் போனதும் அவள் முயலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"இளைச்சிட்டாளே."

"எல்லாம் நீ இல்லாத ஏக்கம்தான்."

"நகம் சின்னதாயிடுச்சே."

"வெட்டி விட்டேன்."

"காலையுமா வெட்டி விட்டீங்க? இவ்வளவு குட்டையா இருக்கு?"

மனைவி காதை ஒருமுறை தடவினாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு அவருடைய பாக்கெட்டைப் பார்த்தாள்.

"அந்தக் கையை வெளிய எடுங்க."

எடுத்தார். அடுப்புக்கரி அள்ளிய கை மாதிரி இருந்தது.

"தெரியாம நடந்து போச்சும்மா" என்றார். "வியாபாரி அவசரப்படுத்தினான், நான் கவனிக்கல. எவ்வளவு திட்டணுமோ திட்டு. கூண்டையெல்லாம் திறந்து விடணும்னாலும் விடு. அம்மா வீட்டுக்கு மட்டும் போயிடாதே."

மனைவி முயலைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். சின்னப் பையைத் திறந்து, அவர் நேற்று வாங்கிய அதே தலைச்சாயத்தில் புதுப் பாக்கெட் ஒன்றை எடுத்துக் கூண்டின் மேல் வைத்தாள்.

"சோப்புக்கு அது போகாதுங்க. சமையல் எண்ணெயில உப்பைக் கலந்து தேய்க்கணும்" என்றாள் அவர் முகத்தைப் பார்க்காமல். "நீங்க கால் கட்டோட படுத்திருந்தப்ப நானும் இப்படித்தான் அவசரத்துல அவளை வண்டியில ஏத்திட்டேன். நீங்க கண்ணு முழிச்சதும் அவளைத்தானே கேட்டீங்க, அதான் அன்னையிலிருந்து மாசாமாசம் என் கையை அப்படித்தான் கழுவிக்கிட்டிருக்கேன்."